கிராபிக்ஸ் கார்டு போட்டா சிஸ்டம் ஸ்டார்ட் ஆகல, கழட்டுனா ஓடுது: போர்டை மாத்தறதுக்கு முன்னாடி இதை பாருங்க

திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, என்கிட்ட ஐ5 6500 ப்ராசஸர், எச்110 மதர்போர்டு, 16 ஜிபி ராம் சிஸ்டம் இருக்கு, ஒரு பிரச்சனையும் இல்லாம ஓடிட்டு இருந்துச்சு. வீடியோ எடிட்டிங்குக்காக செகண்ட் ஹேண்ட்ல ஆர்எக்ஸ் 580 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு வாங்கி போட்டேன். பவர் பட்டன் அமுக்குனா ஃபேன் எல்லாம் ஒரு செகண்ட் சுத்தி நின்னுடுது, கொஞ்ச நேரத்துல தானாவே திரும்ப சுத்துது, திரும்ப நிக்குது, இப்படியே போகுது, மானிட்டர்ல ஒண்ணும் வரல. கார்டை கழட்டுனா பழையபடி ஆன்போர்டு டிஸ்ப்ளேல நல்லா ஓடுது. கடைக்கு கொண்டு போனேன், எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு பவர் குடுக்கற பெட்டி) செக் பண்ணி ஓகேன்னுட்டாங்க, போர்டுல கார்டு சொருகற ஸ்லாட் போயிடுச்சு, போர்டு மாத்தணும்ங்கறாங்க. எஸ்எம்பிஎஸ் 450 வாட் லோக்கல், கார்டுக்கு போடற வயர் அதுல இல்லாததால மோலக்ஸ்ல (பழைய ஹார்டு டிஸ்க்குக்கு போடற 4 பின் பவர் வயர்) இருந்து 8 பின்னுக்கு கன்வெர்ட்டர் வாங்கி போட்டிருக்கேன். போர்டு மாத்திடவா?"

வேணாம் தம்பி, இப்போதைக்கு போர்டுக்கு காசு குடுத்துடாதீங்க. நீங்க கடைசியா போற போக்குல சொன்னீங்களே, 450 வாட் லோக்கல், மோலக்ஸ் கன்வெர்ட்டர்னு, பிரச்சனை பெரும்பாலும் அங்கதான் இருக்கு. எச்110 பழைய மாடல் போர்டு, எங்கயாவது கழட்டுன பழசை மாட்டி குடுத்தாலும் குடுப்பாங்க, அதை போட்டாலும் இதே மாதிரி சுத்தி சுத்தி நிக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஏன் சொல்றேன்னா, சிஸ்டம் ஆன் ஆகறப்ப உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. பட்டன் அமுக்குனதும் எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் எல்லாத்தையும் கிளப்பி, எல்லாம் சரியான அளவுக்கு வந்து நின்னதும், 24 பின் கனெக்டர்ல இருக்கற சாம்பல் கலர் வயர் வழியா போர்டுக்கு பவர் குட்னு ஒரு சிக்னல் அனுப்பும், அதுக்கு 100ல இருந்து 500 மில்லி செகண்ட் வரைக்கும் எடுத்துக்கும். அந்த சிக்னல் வந்தாத்தான் ப்ராசஸர் வேலையையே ஆரம்பிக்கும். வந்த பிறகு 12 வோல்ட் லைன் ஒரு நொடி சரிஞ்சாலும் சிக்னல் போயிடும், போர்டு ரீசெட் ஆகும், மறுபடி முதல்ல இருந்து ட்ரை பண்ணும். வீட்டுல வோல்டேஜ் கம்மியா இருக்கறப்ப கிரைண்டர் போட்டா லைட்டு மங்கி வருமே, அதே கதைதான். உங்க சிஸ்டம் தானா நின்னு தானா எழுந்திருக்கறது இந்த மாதிரி கேஸாத்தான் எனக்கு தெரியுது. ஒருவேளை ஒரே ஒரு தடவை ஃபேன் அசைஞ்சு நின்னு, அதுக்கப்புறம் மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணி போடற வரைக்கும் பட்டனுக்கு அசையாமயே கிடந்தா, அது எஸ்எம்பிஎஸ் ப்ரொடெக்‌ஷன்ல லாக் ஆனது, அப்படின்னா கார்டுல ஷார்ட் இருக்கான்னு முதல்ல சந்தேகப்படணும்.

இப்ப கேபினட்டை தொறந்து எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டுல ஒட்டியிருக்கற லேபிளை டார்ச் அடிச்சு பாருங்க. மேல பெருசா போட்டிருக்கற 450 வாட்டை விட்டுடுங்க, கீழ கட்டம் கட்டமா +3.3வி, +5வி, +12வின்னு இருக்கும், அதுல +12வி கட்டத்துக்கு கீழ எத்தனை ஆம்பியர்னு மட்டும் பாருங்க. லோக்கல் மாடல் பலதுல அது 16, 18 ஆம்பியர்னுதான் இருக்கும். 18ஐ 12ஆல பெருக்குனா 216 வாட். கார்டும் சரி ப்ராசஸரும் சரி கரண்ட் எடுக்கறது முக்காவாசி இந்த 12 வோல்ட்ல இருந்துதான், ஆர்எக்ஸ் 580க்கு ஏஎம்டி சொல்ற கணக்கு 185 வாட், உங்க 6500க்கு இன்டெல் சொல்றது 65 வாட், ரெண்டும் சேர்ந்தா 250, இன்னும் ஹார்டு டிஸ்க், ஃபேன்லாம் இருக்கு. மிச்ச வாட்டை எல்லாம் 5 வோல்ட்லயும் 3.3 வோல்ட்லயும் வச்சு கூட்டி காமிச்சுத்தான் 450ன்னு எழுதியிருப்பாங்க, அந்த ரெண்டு லைனும் இன்னைக்கு சிஸ்டத்துக்கு பெருசா தேவையே இல்ல. இதே 550 வாட் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸா இருந்தா 12 வோல்ட் மட்டுமே 40 ஆம்பியர் பக்கம் இருக்கும். இந்த கார்டுக்கு ஏஎம்டியே 500 வாட் எஸ்எம்பிஎஸ் வேணும்னுதான் சொல்லியிருக்கு, அதுவும் நேர்மையான 500 வாட்டை வச்சு.

இங்க ஒரு விஷயத்தை தெளிவா சொல்லிடணும். ஆன் பண்ண உடனே கார்டு 185 வாட்டையும் இழுக்காது, அது ரெண்டர் போடறப்ப, கேம் ஆடறப்பதான். வாட் பத்தாம இருக்கறது மட்டும்தான் பிரச்சனைன்னா விண்டோஸ் வரைக்கும் வந்துட்டு, லோடு ஏறுனப்புறம் ஆஃப் ஆகணும். ஸ்டார்ட் ஆகறதுக்கே முடியலன்னா மூணுல ஒண்ணு: எஸ்எம்பிஎஸ் உள்ள கெப்பாசிட்டர் காய்ஞ்சு போய் திடீர்னு வர்ற சின்ன இழுப்பைக்கூட தாங்க முடியல, இல்ல அந்த கன்வெர்ட்டர்ல காண்டாக்ட் சரியில்ல, இல்ல கார்டுலயே ஷார்ட். போர்டு ஸ்லாட்டுங்கறது இந்த மூணுக்கும் பின்னாடி நாலாவதா வரிசையில நிக்கற ஆளு.

கடையில எஸ்எம்பிஎஸ் ஓகேன்னு சொன்னதை ஏன் நம்பலன்னு கேப்பீங்க. பொதுவா செக் பண்றது எப்படின்னா 24 பின்ல பச்சை வயரையும் கருப்பு வயரையும் ஒரு கம்பி வச்சு சேர்ப்பாங்க, ஃபேன் சுத்துனா ஓகே. அதுல லோடே கிடையாது, பாதி செத்த எஸ்எம்பிஎஸ்கூட அதுல பாஸ் ஆயிடும். உங்க கேஸ்ல கார்டு இல்லாம ஓடறதால அது ஆன் ஆகுதுன்னு நமக்கே தெரியும், தெரிய வேண்டியது லோடுல நிக்குதாங்கறது.

சரி, வீட்டுலயே பண்ணக்கூடிய டெஸ்ட். முதல்ல மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணி பிளக்கை உருவிட்டு, பவர் பட்டனை பத்து செகண்ட் அமுக்கி பிடிங்க, உள்ள மிச்சம் இருக்கற சார்ஜ் போகட்டும். கார்டை கழட்டி அந்த தங்க கலர் பல்லு வரிசையை வெள்ளை ரப்பரால மெதுவா தேய்ச்சு, தூளை துடைச்சுட்டு, ஸ்லாட்டுல இருக்கற தூசியை பிரஷ்ஷால தட்டுங்க. திரும்ப போடறப்ப ஸ்லாட் கடைசியில இருக்கற பிளாஸ்டிக் லாக் டக்குனு சத்தத்தோட மேல வரணும், வரலன்னா கார்டு முழுசா உக்காரலன்னு அர்த்தம், 580 மாதிரி வெயிட்டான கார்டெல்லாம் பின்பக்கம் ஸ்க்ரூ போடலன்னா தொங்கி அந்த பக்கம் லேசா தூக்கிக்கும்.

இப்ப கார்டை ஸ்லாட்டுல போட்டுட்டு அந்த 8 பின் வயரை மட்டும் சொருகாம ஆன் பண்ணுங்க. கார்டுல டிஸ்ப்ளே வராது, அதை எதிர்பாக்காதீங்க, நாம பாக்கறது ஃபேன் நிக்காம ஓடுதாங்கறது மட்டும்தான். நிக்காம ஓடுனா ஸ்லாட் வழியா போற பவர்ல தகராறு இல்ல, போர்டு மேல இருக்கற சந்தேகம் பாதிக்கு மேல போயிடுச்சு. வயரை சொருகுனா நிக்குது, சொருகலன்னா ஓடுதுன்னா, கோளாறு அந்த வயர் வழியா வர்ற பாதையில இருக்கு: எஸ்எம்பிஎஸ், கன்வெர்ட்டர், இல்ல கார்டோட 8 பின் பக்கம்.

அடுத்தது மல்டிமீட்டர். இல்லன்னா பக்கத்துல எலக்ட்ரீஷியன்கிட்ட கேட்டா தருவாரு. கார்டை வெளிய எடுத்து மேசை மேல வச்சு, மீட்டரை பீப் மோடுல போட்டு, ஒரு முள்ளை கார்டோட மெட்டல் பிளேட்டுல வைங்க, இன்னொண்ணை கார்டுல இருக்கற 8 பின் சாக்கெட்ல மஞ்சள் வயர் வந்து சேர்ற பின்ல வைங்க. முதல்ல ஒரு க்ளிக் மாதிரி பீப் வந்து உடனே நின்னா அது கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகறது, பயப்பட வேணாம். விடாம பீப் அடிச்சா கார்டுல 12 வோல்ட் லைன் ஷார்ட், வித்தவர்கிட்ட அன்னைக்கே திருப்பி குடுத்துடுங்க, அதை வச்சு எந்த சிஸ்டத்துலயும் ட்ரை பண்ணாதீங்க. பீப் இல்லன்னா கார்டு நல்ல கார்டுன்னு உறுதி ஆயிடாது, ஆனா ஸ்டார்ட்டிங்ல நிக்கறதுக்கு அது காரணமா இருக்கற வாய்ப்பு குறைஞ்சிடும்.

அந்த கன்வெர்ட்டரை பத்தி தனியா சொல்லணும், ஏன்னா இதுல சிஸ்டம் மட்டும் இல்ல, வீடே புகைஞ்சு போக வாய்ப்பு இருக்கு. கார்டு உக்கார்ற பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் குடுக்கும், 6 பின் வயர் 75, 8 பின் வயர் 150 வாட். இந்த 150 வாட்டை ரெண்டு மோலக்ஸ்ல இருந்து எடுக்கறதே கொஞ்சம் இழுவைதான், அந்த ரெண்டையும் ஒரே வயர்ல வரிசையா இருக்கற மோலக்ஸ்ல சொருகியிருந்தா ரெண்டா எடுத்த பிரயோஜனமே இல்ல, மொத்த கரண்ட்டும் அந்த ஒரு மெலிசு வயர்லதான் வரணும். கழட்டி பிளக் உள்ள பாருங்க, பின் சுத்தி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பு நிறத்துல மாறியிருந்தா, இல்ல பின் லூசா ஆடுச்சுன்னா அப்பவே குப்பையில போட்டுடுங்க. சாட்டா பவர்ல (இப்ப ஹார்டு டிஸ்க்குக்கு போற பட்டை பிளக்) இருந்து 8 பின்னுக்கு மாத்தற கன்வெர்ட்டரை யாரும் தொடவே தொடாதீங்க, சாட்டா பிளக்குல 12 வோல்ட்டுக்கு மூணு பின், ஒரு பின்னுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட்தான், அதுல 150 வாட் எடுத்தா உருகத்தான் செய்யும். இன்னொரு ஆபத்து, நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்குன பிறகும் நடக்கறது: ப்ராசஸருக்கு போற 8 பின்னும் கார்டுக்கு போற 8 பின்னும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா ப்ளஸ் மைனஸ் தலைகீழ். ப்ராசஸர் வயர் 4+4ஆ பிரியும், கார்டு வயர் 6+2ஆ பிரியும், அதை வச்சு அடையாளம் பிடிங்க, உள்ள போகலன்னா அழுத்தி திணிக்காதீங்க. அதே மாதிரி வயர் தனியா கழட்டி மாட்டற மாடல்னா ஒரு பிராண்ட் வயரை இன்னொரு பிராண்ட் எஸ்எம்பிஎஸ்ல போடக்கூடாது.

கடைசி டெஸ்ட், எல்லாத்தையும் விட நம்பிக்கையானது: ஃப்ரெண்டு யாராவது கேமிங் சிஸ்டம் வச்சிருந்தா அவங்க எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு மணி நேரத்துக்கு கடன் வாங்கி உங்க போர்டுல மாட்டுங்க. கார்டை அவங்க சிஸ்டத்துல போட்டு பாக்கறதும் சரிதான், ஆனா மீட்டர்ல ஷார்ட் இல்லன்னு பாத்த பிறகு மட்டும், அடுத்தவங்க பொருள். நல்ல எஸ்எம்பிஎஸ்லயும் உங்க போர்டுல இதே கதைன்னா, அதே கார்டு வேற சிஸ்டத்துல ஓடுதுன்னா, அப்பத்தான் போர்டு பக்கம் வரணும், அப்பவும் முதல்ல போர்டுல இருக்கற காசு மாதிரி பேட்டரியை கழட்டி அஞ்சு நிமிஷம் விட்டு பயாஸ் (போர்டை ஸ்டார்ட் பண்ற அடிப்படை சாஃப்ட்வேர்) ரீசெட் பண்ணி பாருங்க.

இதே தலைப்புல வேற மாதிரி கஷ்டப்படறவங்களும் இருப்பீங்க, உங்களுக்கும் சுருக்கமா சொல்லிடறேன். ஃபேன் நிக்காம ஓடுது, டிஸ்ப்ளே மட்டும் வரலன்னா பவரை விட்டுட்டு, மானிட்டர் கேபிள் கார்டுல இருக்கா போர்டுல இருக்கான்னு பாருங்க, கார்டு போட்டதும் பல போர்டு ஆன்போர்டு அவுட்புட்டை தானா ஆஃப் பண்ணிடும். ரொம்ப பழைய கார்டுன்னா பயாஸ்ல சிஎஸ்எம்ங்கற, பழைய முறையில ஸ்டார்ட் பண்ண விடற செட்டிங் ஆஃப்ல இருந்தாலும் ஸ்க்ரீன் கருப்பாத்தான் இருக்கும். என்விடியாவோட 900, 1000 சீரிஸ் கார்டு சிலதுல டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர் போட்டா விண்டோஸ் வர்ற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, அதுக்கு என்விடியாவே ஃபர்ம்வேர் அப்டேட் விட்டிருக்கு, அதுவரைக்கும் எச்டிஎம்ஐ போட்டு ஓட்டுங்க. லோகோ வந்து, விண்டோஸ் உள்ள போறப்ப கருப்பாச்சுன்னா ட்ரைவர், சேஃப் மோடுல போய் பழைய ட்ரைவரை சுத்தமா எடுத்துட்டு புதுசா போடுங்க.

தம்பி, உங்களுக்கு இன்னும் ரெண்டு விஷயம். ஆர்எக்ஸ் 580 செகண்ட் ஹேண்ட்னா மைனிங்ல (கிரிப்டோ காயின் எடுக்கறதுக்கு ராத்திரி பகலா ஓட்டறது) ஓடுனதா இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, 2022 செப்டம்பர்ல எத்தீரியம் மைனிங் நின்னப்ப இந்த மாதிரி கார்டெல்லாம் மூட்டை மூட்டையா மார்க்கெட்டுக்கு வந்துச்சு. அதுல பலதுல கார்டுக்குள்ள இருக்கற பயாஸை மாத்தி வச்சிருப்பாங்க, அப்படி இருந்தா பவர் சரி பண்ணி ஸ்டார்ட் ஆனாலும் விண்டோஸ் டிவைஸ் மேனேஜர்ல கோட் 43ன்னு எரர் வந்து கார்டு வேலை செய்யாம நிக்கலாம். சில கார்டுல மேல ஓரத்துல குட்டியா ஒரு ஸ்விட்ச் இருக்கும், சிஸ்டம் ஆஃப்ல இருக்கறப்ப அதை அந்த பக்கம் தள்ளிட்டு பாருங்க, ஒரிஜினல் பயாஸ் இன்னொரு பக்கத்துல இருந்தாலும் இருக்கும். அப்புறம் யுபிஎஸ், வீட்டுல இருக்கற 600 விஏ யுபிஎஸ் பொதுவா 360 வாட்தான் குடுக்கும், மானிட்டரும் சேர்த்து போட்டு ரெண்டர் போடறப்ப கரண்ட் போச்சுன்னா அது தாங்கறது கஷ்டம், டெஸ்ட் பண்ற வரைக்கும் யுபிஎஸ்ஸை விட்டுட்டு நேரா சுவர் பிளக்குல, எர்த் உள்ள பிளக்குல போடுங்க.

8 பின் சொருகாம ஆன் பண்ணப்ப நின்னுச்சா ஓடுச்சா, மீட்டர்ல பீப் வந்துச்சா, லேபிள்ல 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர், இந்த மூணையும் எழுதி அனுப்புங்க. அதை வச்சு எஸ்எம்பிஎஸ் வாங்கறதா, கார்டை திருப்பறதான்னு சொல்லிடலாம்.