ரத்தத்துக்கு நம்பர் போடுகிற வேலையா என்று கேட்ட நீடாமங்கலத்து அப்பாவுக்கு

அண்ணே, அன்றைக்குப் போனில் உங்களுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன், எதிரில் வேறு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். "பொண்ணு மைக்ரோபயாலஜி முடிச்சிருக்கு, மெடிக்கல் கோடிங் போறேங்குது, ஏதோ ரத்தத்துக்கு நம்பர் போடுற வேலையாம், இதுக்கு நகையை வெச்சு ஃபீஸ் கட்டணுமா" என்றீர்கள். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கமிருந்தும் இதே கேள்வியோடு வருகிறார்கள் என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நகை பீரோவிலேயே இருக்கட்டும். முதலில் வேலை என்னவென்று பார்ப்போம்.

அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்த்தால், டாக்டர் எழுதிய குறிப்பை ஒருவர் உட்கார்ந்து படித்து, நோய்க்கு ஒரு குறியீடு, செய்த சிகிச்சைக்கு ஒரு குறியீடு என்று போட்ட பிறகுதான் காப்பீட்டுக் கம்பெனியிடம் பணம் கேட்க முடியும். நம் பயிர்க் காப்பீடு மாதிரிதான். வயலில் என்ன நட்டீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் விஏஓ அடங்கலில் என்ன ஏறியிருக்கிறதோ அதுதான் பேசும். டாக்டரின் குறிப்பைச் சார்ட் என்பார்கள், குறியீடு போடுகிறவர் கோடர். நோய்களுக்கான புத்தகம் ஐசிடி-10-சிஎம், அங்கே 2015 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் டி50 முதல் டி89 வரை ரத்தம் சம்பந்தப்பட்டவை, நோய் எதிர்ப்புக் கோளாறுகள் சிலவும் அதற்குள்ளேயே வரும்.

உங்கள் மகள் காட்டிய "அன்ஸ்பெசிஃபைடு", அதாவது இன்ன வகை என்று குறிப்பிடாதது, என்ற வார்த்தைதான் உங்களைக் குழப்பியிருக்கிறது. உங்கள் களத்தில் நாலு மூட்டை கிடக்கிறது என்று வையுங்கள். ஒன்றின் மேல் "தானியம்" என்று மட்டும் எழுதியிருக்கிறது, அடுத்ததில் "நெல்", அதற்கடுத்து "ஆடுதுறை நெல்", கடைசியில் "ஆடுதுறை 45". டி75.9 என்பது வெறும் தானியம், ரத்தத்தில் ஏதோ கோளாறு, என்னவென்று இல்லை. டி64.9 நெல், அதாவது ரத்தசோகை, எந்த வகை என்று இல்லை. டி50.9 இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகை, எதனால் குறைந்தது என்று இல்லை. டி50.0 தான் ஆடுதுறை 45: நாள்பட்ட ரத்தப்போக்கினால் இரும்புச்சத்து குறைந்து வந்த சோகை. நீங்களாக இருந்தால் மூட்டையைப் பிரித்து நாலு மணியைக் கையில் எடுத்துப் பார்த்து ரகம் சொல்லிவிடுவீர்கள். கோடர் பிரிக்கக் கூடாது. மேலே டாக்டர் எழுதியிருப்பதுதான் கணக்கு.

இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நன்றாகப் படித்த பிள்ளைகளே இங்கேதான் வழுக்குகிறார்கள். வலங்கைமான் பக்கத்துப் பெண் ஒருத்தி, பயோகெமிஸ்ட்ரியில் நல்ல மார்க். பயிற்சிக்காக நானே எழுதி வைத்திருக்கும் ஒரு சார்ட்டைக் கொடுத்தேன். 42 வயதுப் பெண், அசதி, ஹீமோகுளோபின் 8.1, உடம்பில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6, இரும்பு மாத்திரை எழுதப்பட்டிருக்கிறது, முடிவில் டாக்டர் போட்டிருப்பது "அனீமியா" என்ற ஒரே வார்த்தை. அவள் பத்து விநாடியில் டி50.9 என்றாள். தப்பு, டி64.9 என்றேன். விடவில்லை. "சார், ஃபெரிட்டின் ஆறுதான் இருக்கு, மாத்திரையும் குடுத்திருக்காங்க, இது இரும்புச்சத்துக் குறைவு இல்லாம வேற என்ன?" அவள் படித்த படிப்புக்கு அவள் சொன்னது சரி. ஆனால் லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து நோயின் பெயரை முடிவு செய்யும் உரிமை கோடருக்குக் கிடையாது, டாக்டர் எழுத வேண்டும். "இருக்கலாம்", "சந்தேகம்" என்று டாக்டர் எழுதியிருந்தால்கூடப் புறநோயாளி சார்ட்டில் அதை நோயாகப் போடக் கூடாது. வேண்டுமானால் டாக்டரிடம் கேள்வி அனுப்பலாம், அதிலும் "இது இரும்புச்சத்துக் குறைவுதானே" என்று வாயில் ஊட்டிவிடுகிற மாதிரி கேட்கக் கூடாது.

சரி, அப்போது டாக்டர் எழுதியதை அப்படியே குறியீடாக மாற்றினால் போதுமா என்றால் அதுவும் இல்லை. ஒரே சார்ட்டில் நாள்பட்ட சிறுநீரக நோயும் இருக்கிறது, சோகையும் இருக்கிறது, இரண்டுக்கும் தொடர்பு என்று டாக்டர் ஒரு வரியும் எழுதவில்லை. இங்கே கோடர் சேர்த்தே பார்க்க வேண்டும், தொடர்பு இல்லை என்று டாக்டர் வெளிப்படையாகச் சொன்னால் ஒழிய. சிறுநீரக நோயின் என்18 குறியீடு முதலில், அப்புறம் அந்த நோயோடு வரும் சோகைக்கான டி63.1. ஃபெரிட்டினைப் பார்த்து ஊகிக்காதே என்ற அதே விதிப்புத்தகம்தான் இதைச் சேர் என்றும் சொல்கிறது. எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று தெரிந்தவருக்குத்தான் இந்தத் தொழிலில் மரியாதை, வேகமாக டைப் அடிப்பவருக்கு இல்லை.

இன்னொன்று, மேலே பார்த்த அன்ஸ்பெசிஃபைடு குறியீடுகள் மாதிரி 9-இல் முடிகிற குறியீடு என்றாலே சோம்பேறித்தனம் என்று சில இடங்களில் பயமுறுத்திவிடுகிறார்கள். டாக்டர் "பிளட் டிஸ்கிரேசியா" (ரத்தக் கோளாறு) என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் டி75.9 தான் நேர்மையான பதில். பத்தாம் பக்கத்தில் விவரம் இருந்தும் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டு அதைப் போட்டால்தான் போட்ட குறியீட்டைச் சரிபார்க்கும் ஆடிட்டர் பிடிப்பார், பிடிக்கவும் வேண்டும். பக்கத்திலேயே இருக்கும், 8-இல் முடிகிற குறியீடு வேறு சமாச்சாரம்: டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார், அந்த நோய்க்கென்று புத்தகத்தில்தான் தனி இடம் இல்லை. 8-க்கும் 9-க்கும் என்ன வித்தியாசம் என்று பயிற்சி மையத்தில் கேட்கச் சொல்லுங்கள், தடுமாறினால் எழுந்து வந்துவிடலாம்.

புத்தகம் எந்த வருஷத்துடையது என்றும் பாருங்கள். குறியீடுகள் ஒவ்வொரு அக்டோபர் 1-ஆம் தேதியும் மாறும். வான் வில்பிராண்ட் நோய் என்று ரத்தம் சரியாக உறையாத கோளாறு ஒன்று, முன்பு டி68.0 என்று எழுதினால் போதும். 2022 அக்டோபரில் அதை வகை வாரியாகப் பிரித்துவிட்டார்கள், இப்போது டி68.0 என்று மட்டும் எழுதினால் கிளெய்ம், அதாவது காப்பீட்டுக் கம்பெனியிடம் பணம் கேட்டு அனுப்பியது, திரும்பி வரும். நான் அனுப்பிய ஒரு பையனுக்கு முழு ஃபீஸையும் வாங்கிக்கொண்டு பழைய புத்தகத்தின் ஜெராக்ஸை வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார்கள், அது இண்டர்வியூவில்தான் அவனுக்கே தெரிந்தது. விசாரிக்காமல் அனுப்பியது என் தப்பு, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

உங்கள் மற்றக் கவலைகளுக்கு வருகிறேன். ராத்திரி வேலை? கோடிங்கில் பெரும்பாலும் பகல்தான், காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டுப் பேசும் ஏஆர் காலர் வேலைக்குத்தான் இரவு ஷிஃப்ட். இரண்டையும் ஒரே விளம்பரத்தில் கலந்து போடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிலீஷ் பேச வராது என்றீர்களே, பேசுவதைவிடப் படிப்பதுதான் இதில் முக்கியம், தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். சம்பளம் ஆரம்பத்தில் குறைவு, சென்னையில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போக உங்களுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. திருச்சியிலும் கம்பெனி இருக்கிறது, அங்கே கிடைத்தால் நல்லது. கம்ப்யூட்டரே கோடு போட்டுவிடும் என்ற பேச்சும் உண்மைதான், லேசான சார்ட்டுகள் முதலில் போகும், அதனால் விதிகளைக் கற்காமல் வெறும் வேகத்தை நம்பி இறங்குவதில் எனக்கு விருப்பமில்லை.

கோடர்களுக்கான சான்றிதழ்ப் பரீட்சையான சிபிசிக்கு இப்போதே அவசரப்பட வேண்டாம். 100 கேள்வி, 4 மணி நேரம், புத்தகத்தை வைத்துக்கொண்டே எழுதலாம், 70 சதவீதம் வாங்கினால் தேர்ச்சி. பாஸ் செய்தாலும் அனுபவம் சேரும் வரை பெயரோடு "ஏ" என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும், அப்ரெண்டிஸ் என்று அர்த்தம். வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள் கழித்துக் கட்டிக்கொள்ளலாம்.

இப்போதைக்குச் செலவில்லாத ஒரு சோதனை. உங்கள் அம்மாவைத் தஞ்சாவூரில் சேர்த்திருந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி ஜவுளிக்கடைப் பையில் எங்காவது கிடக்கும். அதை மகளிடம் கொடுங்கள், டாக்டர் நோய் என்று எழுதியதை மட்டும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள், லேப் நம்பரைப் பார்த்துத் தானாக எதையும் சேர்க்கக் கூடாது, எழுதியிருப்பதை விடவும் கூடாது. ஒரு மணி நேரம் போனைத் தொடாமல் உட்காருகிறதா, இல்லை பத்து நிமிஷத்தில் கொட்டாவி விடுகிறதா என்று திண்ணையிலிருந்து நீங்களே பாருங்கள். அந்தத் தாளையும் பயிற்சி மையத்தின் நோட்டீஸையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வரச் சொல்லுங்கள், நீங்களும் வந்தால் நல்லது.