தரையில் நன்றாக ஓடும் எஞ்சின் மேலேறும்போது ஏன் அணைகிறது?

கேள்வி: என் ரேடியோ கண்ட்ரோல் மாதிரி விமானத்தில் இருப்பது 46 அளவுள்ள (0.46 கன அங்குல) டூ ஸ்ட்ரோக் குளோ எஞ்சின். தரையில் முழு வேகத்தில் நன்றாக ஓடுகிறது. விமானம் மூக்கைத் தூக்கி ஏறத் தொடங்கியதும் சிறிது நேரத்தில் அணைந்துவிடுகிறது. எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கை மூன்று முறை மாற்றிவிட்டேன். கார்புரேட்டரை மாற்றி, நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) அதிகமுள்ள எரிபொருளும் வாங்கச் சொல்கிறார் விற்பவர். சென்ற மாதம் ஒருமுறை மூக்கு குத்தி இறங்கியதைத் தவிர விமானத்துக்கு வேறு அடி எதுவும் படவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கார்புரேட்டரை இப்போது வாங்க வேண்டாம். 'தவிர' என்று நீங்கள் ஒதுக்கிவிட்ட அந்த இறக்கத்திலிருந்துதான் நான் தொடங்குவேன். எரிபொருள் டேங்குக்குள் ஒரு மெல்லிய சிலிக்கோன் டியூபின் நுனியில் கிளங்க் என்ற சிறிய உலோகக் குண்டு இருக்கிறது. எரிபொருள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கூடவே போய் அதை உறிஞ்ச வைப்பதுதான் அதன் வேலை. விமானம் மூக்கு குத்தும்போது இந்தக் குண்டு முன்னோக்கி வீசப்பட்டு, டியூப் மடிந்து, டேங்கின் முன்பக்கத்திலேயே சிக்கிக்கொள்வது உண்டு. விமானம் மட்டமாக நிற்கும்வரை எந்தக் குறையும் தெரியாது. கொஞ்சம் எரிபொருள் செலவான பிறகு மூக்கைத் தூக்கினால், மிச்சமிருப்பது பின்பக்கம் ஓடிவிட, முன்னால் மாட்டிக்கொண்ட குண்டு வெறும் காற்றை இழுக்கிறது.

டேங்கைக் கழற்றி, விமானத்தின் மூக்குப் பக்கம் இருந்த முனை மேலே இருக்கும்படி பிடித்து லேசாக ஆட்டுங்கள். குண்டு அடிப்பக்கம் தொங்கித் தாராளமாக அசைய வேண்டும். அசைந்தாலும் அந்த டியூபை வெளியே எடுத்துப் பாருங்கள். பித்தளைக் குழாயின் விளிம்பு உரசும் இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெட்டு இருந்தாலே காற்று புகுந்துவிடும். வெளியே உள்ள டியூப் ஒளி ஊடுருவுவதாக இருந்தால், எஞ்சின் ஓடும்போது அதற்குள் மணிமணியாகக் குமிழிகள் ஓடுவதைக் கண்ணாலேயே காணலாம். குமிழி தெரிந்தால், எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகான நீடிலை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. டியூபைச் சோதிக்கிறேன் என்று வாயால் உறிஞ்சிவிடாதீர்கள், எரிபொருளில் உள்ள மெத்தனால் நஞ்சு.

இரண்டாவது சந்தேகம் பிரதான நீடிலின் மேல். பெரும்பாலோர் தரையில் எஞ்சின் மிக உச்சமாகக் கத்தும் இடத்தில் நீடிலை நிறுத்திவிடுகிறார்கள். கேட்கச் சுகமாக இருக்கும், ஆனால் வானில் புரொப்பெல்லரின் பாரம் குறைந்து வேகம் இன்னும் கூடும்போதும், மூக்கு உயர்ந்து எரிபொருள் மேல்நோக்கி ஏற வேண்டியிருக்கும்போதும் அதே அமைப்பு லீன் ஆகிவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாமல் போய்விடும். ஆகவே எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின், முழுத் திராட்டிலில் உச்ச வேகத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 200 முதல் 300 ஆர்பிஎம் (நிமிடத்துக்கான சுற்றுகள்) குறையும் வரை நீடிலைத் திறந்து ரிச் ஆக்குங்கள், அதாவது எரிபொருளைக் கூட்டுங்கள். பிறகு இன்னொருவர் உதவியுடன் விமானத்தை இறுகப் பிடித்து, மூக்கை நேர் மேலே தூக்கிப் பத்து விநாடி வைத்திருங்கள். வேகம் சற்றே கூடினால் சரி; தளர்ந்தால் இன்னும் திறக்க வேண்டும். நீடிலைத் திருகுவது எப்போதும் புரொப்பெல்லருக்குப் பின்னால் நின்றுதான். முன்னால் கையை நீட்டித் திருகி விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

இனி விற்பவரின் ஆலோசனைக்கு வருவோம். பிளக்கின் பிளாட்டினக் கம்பியும் மெத்தனாலும் சேர்ந்துதான், எஞ்சினைக் கிளப்பும்போது பிளக்கைச் சூடாக்கும் பேட்டரியை எடுத்த பிறகும் கம்பியைக் கனலவைக்கின்றன. பேட்டரியைக் கழற்றியபின் தரையில் முழு வேகத்தில் ஓடுகிற எஞ்சினுக்கு அடுத்தடுத்து மூன்று பிளக் விற்றவர் உங்கள் எஞ்சினைப் பற்றிச் சிந்திக்கவே இல்லை. நைட்ரோ விஷயம் அதைவிட மோசம்: நைட்ரோமீத்தேன் கூடினால் அதே அளவு காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும், நீடிலைத் தொடாமல் புதிய எரிபொருளை ஊற்றினால் ஏற்கெனவே லீனாக இருக்கும் எஞ்சின் மேலும் லீன் ஆகும். பாட்டில்களும் நைட்ரோ விகிதத்தைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிக்கும் எண்ணெய் விகிதத்தை மூலையில் ஒளித்து வைக்கின்றன. 18 முதல் 20 சதவீதம் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல கடைக்காரர்கள் விழிப்பார்கள்.

எஞ்சினைக் கையில் கொடுத்தால் அடுத்ததாக அவர் சொல்லப்போவதும் எனக்குத் தெரியும்: 'மேலே இறுகுகிறது, பிஸ்டன் பிடித்துவிட்டது, தேய்த்துத் தருகிறேன்.' உங்களுடையது பிஸ்டனில் ரிங் (வளையம்) இல்லாத ஏபிசி வகையாக இருந்தால் இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். ஏபிசி எஞ்சினில் அலுமினிய பிஸ்டன், குரோமியம் பூசிய பித்தளை லைனருக்குள் (சிலிண்டரின் உட்குழாய்) ஓடுகிறது. லைனரின் மேல்பகுதி வேண்டுமென்றே சற்றுக் குறுகலாகக் கடையப்பட்டிருக்கிறது. குளிர்ந்த நிலையில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுகி, சில சமயம் கீச்சிடவும் செய்யும். ஓடும்போது மேல்பகுதிதான் அதிகம் சூடாகி விரிவதால் இடைவெளி சரியாகிவிடும். அந்த இறுக்கம் எஞ்சின் நலமாக இருப்பதன் அடையாளம். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் கம்ப்ரெஷன் போனது போனதுதான், எந்த நீடிலாலும் திரும்ப வராது. இப்படித் தேய்க்கப்பட்டு, பிறகு 'தேய்ந்துவிட்டது, புதிது வாங்குங்கள்' என்று சொல்லப்பட்ட எஞ்சின்களை நான் எண்ணிச் சலித்துவிட்டேன். இதை எஞ்சினுடன் வரும் கையேட்டில் பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்கும்படி அச்சிட்டிருந்தால் பாதிப் பேர் தப்பியிருப்பார்கள்.

டேங்கைச் சரிசெய்த பின் நீடிலைப் பழைய இடத்திலிருந்து அரைச் சுற்று திறந்துவைத்து ஓட்டத் தொடங்குங்கள். மூக்கைத் தூக்கும் சோதனையில் அதன் பிறகும் தளர்ந்தால், மஃப்ளரிலிருந்து (சைலன்சர்) டேங்குக்கு வரும் அழுத்தக் குழாய் கழன்றிருக்கிறதா, கார்புரேட்டர் எஞ்சினுடன் சேரும் இடத்தில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்.