வாசகர் வினா – விடை: பந்தியைச் சுருக்கி எழுதப் பழக்குவது எப்படி?

வினா: தரம் 10 பிள்ளைகளுக்குச் சுருக்கம் எழுதக் கற்பிக்கிறேன். பந்தியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கிச் சொந்த நடையில் எழுதுமாறு சொன்னால், அங்கொரு வசனமும் இங்கொரு வசனமுமாக எடுத்து ஒட்டித் தருகிறார்கள். சொற்களின் எண்ணிக்கை சரியாக இருக்கிறது, சுருக்கத்தைத்தான் காணவில்லை. இதை எப்படி மாற்றுவது?
– ஆசிரியை, ஒட்டுசுட்டான்

விடை: உங்கள் பிள்ளைகள் சோம்பலால் அப்படிச் செய்வதாக நான் நினைக்கவில்லை. பந்தி கண்ணுக்கு முன்னே விரிந்து கிடக்கும்போது, அதில் உள்ள வசனத்தைவிட நல்ல வசனத்தைத் தம்மால் எழுத முடியாது என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். ஆகவே முதலில் அந்தப் பந்தியை அவர்களுடைய கண்ணிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது 2010 இல். மீள்குடியேறிய ஊரொன்றில் தகரக் கொட்டகையில் வகுப்பு நடத்திய காலம் அது. ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரு புத்தகமே இருந்ததால், ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். பின்னர் கேட்டதை எழுதினார்கள். புத்தகத்தைக் கையில் வைத்திருந்த பிள்ளையின் சுருக்கத்தைவிட, காதால் மட்டும் கேட்ட பிள்ளைகளின் சுருக்கங்கள் பெரும்பாலும் தெளிவாக இருந்தன. புத்தகங்கள் வந்து சேர்ந்த பின்னரும் அந்த முறையை நான் கைவிடவில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வகுப்புக்கென்று நான் எழுதிய பந்தி இது (காலபோகம் என்பது மாரிமழைக் காலத்துப் பயிர்ச்செய்கை, சிறுபோகம் என்பது அதற்குப் பின்வரும் வறண்ட காலத்துப் பயிர்ச்செய்கை):

“வன்னியின் குளங்கள் வடகீழ்ப் பருவமழையை நம்பியிருப்பவை. ஒக்டோபரில் தொடங்கும் மழை இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன் போன்ற பெருங்குளங்களை நிரப்புகிறது. காலபோக நெல்லுக்கு மழையே பெருமளவு போதுமாகையால் குளத்து நீர் சிறுபோகத்துக்கே பெரிதும் தேவைப்படுகிறது. மழை பொய்த்த ஆண்டில் குளத்தில் நீர் குறைந்தால், கமக்காரர்கள் கூடி, எவ்வளவு நிலத்தில் சிறுபோகம் செய்யலாம் என்று முடிவெடுக்கிறார்கள். அப்போது சிலர் நெல்லைக் கைவிட்டுப் பயறு, உளுந்து முதலிய குறைந்த நீரில் விளையும் பயிர்களை விதைக்கிறார்கள்.”

இதில் 51 சொற்கள் இருக்கின்றன. சுருக்கத்துக்கு 17 சொற்கள். முதல் வசனத்தில் 5 சொற்களும் கடைசி வசனத்தில் 12 சொற்களும் இருப்பதால், அவ்விரண்டையும் அப்படியே பெயர்த்து எழுதும் பிள்ளைக்குக் கணக்குச் சரியாக வந்துவிடும். எழுதியதை வாசித்துப் பாருங்கள்: “வன்னியின் குளங்கள் வடகீழ்ப் பருவமழையை நம்பியிருப்பவை. அப்போது சிலர் நெல்லைக் கைவிட்டு…” எப்போது? சிறுபோகமும் இல்லை, நீர்ப் பற்றாக்குறையும் இல்லை, கமக்காரரின் கூட்டமும் இல்லை. “அப்போது” என்ற சொல் எதையும் சுட்டாமல் தனித்து நிற்கிறது. இதனைக் கரும்பலகையில் எழுதி, பந்தியை வாசிக்காத வேறொரு வகுப்புப் பிள்ளையை அழைத்து வாசிக்கச் செய்யுங்கள். அந்தப் பிள்ளை கேட்கும் கேள்விகள் நீங்கள் தரும் விளக்கத்தைவிட ஆழமாகப் பதியும்.

பின்னர் பந்தியை இரண்டு தடவை வாசிக்கச் செய்து, கொப்பியாலோ கையாலோ மூடச் சொல்லுங்கள். பேனையை எடுப்பதற்கு முன்னர், அதில் இருந்ததைப் பக்கத்துப் பிள்ளைக்கு வாயால் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். ஒரு பாடவேளை முழுவதும் இதிலேயே போனாலும் போகட்டும். வாயால் சொல்லும் பிள்ளை நான்கு குளங்களின் பெயரையும் ஒப்புவிக்க மாட்டாள்; “எங்கட குளங்கள்” என்பாள். பயறு, உளுந்து என்று அடுக்காமல் “வேறு பயிர்” என்பாள். எது கருத்து, எது அதற்குக் காட்டிய உதாரணம் என்ற பாகுபாட்டை நாம் வரைவிலக்கணமாகச் சொல்லிக் கொடுக்காமலே அவளுடைய நா செய்துவிடுகிறது. அதன் பின்னர் எழுதினால் இப்படி வரலாம்: “பருவமழையால் நிறையும் வன்னிக் குளங்களே சிறுபோகத்துக்கு ஆதாரம். நீர் குறையும் ஆண்டில் கமக்காரர் கூடி விதைக்கும் நிலத்தை வரையறுப்பர். சிலர் பயிரையே மாற்றுவர்.” இதுவும் 17 சொற்கள்தான்.

எழுதி முடித்த பின்னரே மூலத்தைத் திறக்க வேண்டும். அப்போது தேட வேண்டியது, விடுபட்டதை மட்டுமன்று. புதிதாக நுழைந்ததையும் தேட வேண்டும். ஒரு மாணவன் “அரைவாசி நிலத்தில் மட்டும் விதைப்பர்” என்று எழுதியிருந்தான். பந்தியில் அது இல்லை. தகப்பனின் வயலில் கண்டதை அவன் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். வயலையும் குளத்தையும் பிறந்ததிலிருந்து பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்கு, தமக்குத் தெரிந்த பொருளைப் பற்றிய பந்தியில்தான் இந்தத் தவறு அதிகம் நேர்கிறது. அந்த அறிவைப் பாராட்டுங்கள். அதற்குரிய இடம் கட்டுரை என்றும் சொல்லுங்கள்.

ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. எண்ணிக்கையைக் குறைப்பதற்காகச் சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து எழுதும் வழக்கம் சில பிள்ளைகளிடம் இருக்கிறது. பிரித்து எழுத வேண்டியதைப் பிரித்தே எண்ணப் பழக்கிவிட்டால் அது நின்றுவிடும்.

வினா: சொந்த நடையில் எழுதினால் பேச்சுவழக்கு வந்துவிடுகிறது, புள்ளி குறைகிறது. பந்தியில் உள்ள சொற்களையே எழுதினால் “பார்த்து எழுதியது” என்கிறார்கள். எந்தச் சொல்லைத்தான் எழுதுவது?
– மாணவி, மாங்குளம்

விடை: மகளே, உங்கள் குழப்பம் நியாயமானது. சொந்த நடை என்பது ஒவ்வொரு சொல்லுக்கும் பதிலாக வேறொரு சொல்லைத் தேடுவது அன்று. காலபோகம், சிறுபோகம், துருசு (குளத்து நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மதகு), வான்கதவு (குளத்தின் மிகை நீரை வெளியேற்றும் கதவு) போன்றவை அந்தந்தப் பொருளுக்கே உரிய பெயர்கள். அவற்றை மாற்றினால் பொருள் கெடும். நீங்கள் மாற்ற வேண்டியது வசனத்தின் அமைப்பை. இரண்டு வசனங்களில் உள்ளதை ஒன்றாக்குங்கள்; பின்னால் வரும் காரணத்தை முன்னால் கொண்டுவாருங்கள்; அடுக்கிய பெயர்களுக்கு ஒரு பொதுப் பெயரிடுங்கள். முதல் வரைவில் பேச்சுவழக்கு வந்தால் வரட்டும். கருத்து முழுவதும் இறங்கிய பின்னர் “வந்தினம்” என்பதை “வந்தார்கள்” என்று திருத்த ஒரு நிமிடமே போதும். வசனம் சரியாக இருக்க வேண்டும் என்ற பயத்தில் கருத்தைத் தொலைத்துவிட்டால், அதைத் திருத்தி எடுக்க வழியில்லை.

நன்னூல் நூலுக்குரிய பத்து அழகுகளில் முதலாவதாகச் சுருங்கச் சொல்லலையும், அதற்கு அடுத்ததாக விளங்க வைத்தலையும் கூறுகிறது. பத்துக் குற்றங்களில் அது முதலில் வைப்பது குன்றக் கூறலை, அதாவது சொல்ல வேண்டியதைக் குறைவுபடச் சொல்வதை. உங்கள் சுருக்கத்தை மறுபடி வாசிக்கும்போது இந்த மூன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வினா: நான் தரம் 8 உடன் படிப்பை நிறுத்தியவன். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். சுருக்கம் எழுதுவதில் அவளுக்கு என்னால் உதவ முடியுமா?
– தந்தை, பூநகரி

விடை: நிச்சயமாக முடியும், ஐயா. சுருக்கத்துக்குத் தேவைப்படுபவர் மூலத்தை வாசிக்காத ஒருவர். ஆசிரியரால்கூட அந்த இடத்தில் இருக்க முடியாது. மாலையில் மகள் ஒரு பந்தியை வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவைத்து, அதில் என்ன இருந்தது என்று உங்களுக்குச் சொல்லச் செய்யுங்கள். விளங்காத இடத்தில் “ஏன்?”, “யார்?” என்று மறித்துக் கேளுங்கள், விளங்கியது போல நடிக்க வேண்டாம். நீண்டு போனால், “எனக்கு வலைக்குப் போக நேரமாகிறது, இரண்டு வசனத்தில் சொல்” என்று கேளுங்கள். அவள் அப்போது சொல்லும் இரண்டு வசனங்களை உடனே கொப்பியில் எழுதச் செய்யுங்கள்.