நெல் குவியல் ஏன் சுடுகிறது? – தாவரவியல் டீச்சர் பதில்கள்

கேள்வி: டீச்சர், குறுவை அறுத்துக் களத்தில் குவித்திருந்தோம். மழை வந்ததால் தார்ப்பாய் போட்டு மூடினோம். மூன்றாம் நாள் குவியலுக்குள் கையை விட்டால் சுடுகிறது. வெயிலே அடிக்கவில்லை, இந்தச் சூடு எங்கிருந்து வந்தது? எடை வேறு குறைந்திருக்கிறது. யாரோ அள்ளிவிட்டார்கள் என்று என் மாமனார் கத்துகிறார்.
– ஒரு வாசகி, மன்னார்குடி வட்டம்

பதில்: மாமனாரைச் சமாதானப்படுத்துங்கள். அள்ளியது அந்த நெல்லேதான்.

அறுத்துப் போட்டதும் நெல் செத்துவிடுவதில்லை. ஒவ்வொரு மணியின் ஓரத்திலும் ஒரு கரு உயிரோடு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் மாவுச்சத்துதான் அதற்குச் சாப்பாடு. அந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்து, சர்க்கரையைக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துத்தான் கரு தன் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. இதுதான் சுவாசம். செடி பகலில் சுவாசிக்காது, இரவில்தான் சுவாசிக்கும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். வேர், தண்டு, பூ, விதை என்று உயிருள்ள எல்லாப் பகுதிகளும் இருபத்துநான்கு மணி நேரமும் சுவாசிக்கின்றன. பகலில் பச்சை இலையில் ஒளிச்சேர்க்கை அதைவிடப் பல மடங்கு வேகமாக நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

உங்கள் குவியலுக்கு வருவோம். மேலே சொன்ன சர்க்கரை குளுக்கோஸ்தான். 180 கிராம் குளுக்கோஸ் முழுதாக எரிய 192 கிராம் ஆக்சிஜன் வேண்டும். எரிந்து முடிந்தால் 264 கிராம் கரியமில வாயு, 108 கிராம் தண்ணீர், கூடவே சுமார் 2,800 கிலோஜூல் ஆற்றல். பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோகிற ஆற்றல் இது. வளர்கிற செடி இதில் ஒரு பங்கைப் பிடித்து இலை, வேர் கட்டப் பயன்படுத்தும். குவியலில் கிடக்கும் மணி எதையும் கட்டுவதில்லை. அதனால் கடைசியில் ஏறக்குறைய எல்லாமே சூடாகத்தான் வெளியே வரும்.

காய்ந்த நெல்லில் இது நடப்பதே தெரியாது. இந்த எரிப்பை நடத்தும் நொதிகள் வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். ஈரப்பதம் 13, 14 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் சுவாசம் ஏறக்குறைய தூங்கிவிடும். அறுக்கும்போது நெல்லில் 20 முதல் 25 சதவீதம் ஈரம் இருக்கும். கொள்முதலில் 17 சதவீதம் என்று மீட்டர் வைத்துப் பார்க்கிறார்களே, விவசாயிக்கு அது எரிச்சலாக இருந்தாலும் காரணம் இதுதான்.

குவியலில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. மேலே சொன்ன 108 கிராம் தண்ணீர் எங்கே போகும்? தார்ப்பாய்க்கு அடியிலேயே நிற்கும். ஈரம் கூடினால் சுவாசம் கூடும், சூடு கூடும். சூடு பத்து டிகிரி ஏறினால் சுவாசம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். நெல் குவியல் வெப்பத்தை எளிதில் வெளியே விடாது என்பதால் நடுவில் சூடு தேங்கிவிடும். அதற்குள் பூசணமும் வந்து சேர்ந்துகொள்ளும். நன்றாகச் சுடுகிற குவியலில் பெரும்பங்கு பூசணத்தின் சுவாசம்தான். அரிசி பழுப்பேறுவது அதனால்தான்.

எடை? கரியமில வாயுவாகப் பறந்த மாவுச்சத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது. மழை விட்டவுடன் தார்ப்பாயை எடுங்கள், நெல்லைப் பரப்புங்கள், கிளறிவிடுங்கள். மறுபடி மழை என்றால் உயரமாகக் குவிக்காமல் தணிவாகப் போட்டு மூடுங்கள்.

கேள்வி: ஒரு குளுக்கோஸிலிருந்து 38 ஏடிபி என்று ஒரு புத்தகம் சொல்கிறது, 36 என்று இன்னொன்று. ட்யூஷன் சார் 30 அல்லது 32 என்கிறார். எதை எழுதுவது?
– பதினோராம் வகுப்பு மாணவன், திருச்சி

பதில்: தேர்வில் உன் பாடநூலில் இருப்பதை எழுது தம்பி. மார்க் போடுபவரோடு சண்டைக்குப் போகாதே. ஆனால் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பவர் உன் சார்தான். ஏடிபி என்பது செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் நாணயம்.

முதலில் செல்லின் உட்கூழான சைட்டோபிளாசத்தில் பத்துப் படிகளில் குளுக்கோஸ் உடைந்து இரண்டு பைருவேட் ஆகிறது. நிகர லாபம் 2 ஏடிபி. இதுவரை ஆக்சிஜன் தேவைப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள், கடைசிக் கேள்வியில் உதவும். பிறகு பைருவேட், செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், கிரெப்ஸ் சுழற்சி முடிவதற்குள் கார்பன் முழுவதும் கரியமில வாயுவாகக் கழன்றுவிடும். அங்கேயும் நேரடியாகக் கிடைப்பது இரண்டுதான். (1937-இல் கிரெப்ஸ் இந்தச் சுழற்சியைப் பற்றி அனுப்பிய கடிதத்தை 'நேச்சர்' இதழ், கையில் நிறையக் கடிதங்கள் இருக்கின்றன என்று திருப்பி அனுப்பியது. 1953-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. அரையாண்டில் மார்க் குறைந்தால் நினைத்துக்கொள்.)

மிச்சமெல்லாம் குளுக்கோஸிலிருந்து கழன்ற எலக்ட்ரான்களின் உபயம். அவை கைமாறிக் கைமாறி ஆக்சிஜனுக்குப் போகும் வழியில் புரோட்டான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. அவை ஒரு நொதி வழியாகத் திரும்பி வரும்போது ஏடிபி உருவாகிறது. 1961-இல் பீட்டர் மிட்செல் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் நோபல் கொடுத்தார்கள். பழைய கணக்கு, எலக்ட்ரான்களைச் சுமந்து வரும் ஒரு என்ஏடிஎச்-க்கு 3 ஏடிபி என்று முழு எண்ணாக வைத்துக்கொண்டது. அளந்து பார்த்தால் சுமார் 2.5தான் தேறுகிறது. அதனால் 38 இறங்கி 32, 30 பக்கம் வந்தது.

செடிக்கு இன்னொரு குறுக்கு வழியும் இருக்கிறது. மாற்று ஆக்சிடேஸ் என்ற நொதி, எலக்ட்ரான்களைப் பாதி வழியிலேயே வாங்கி ஆக்சிஜனிடம் கொடுத்துவிடும். அந்த வழியில் ஏடிபி கொஞ்சம்தான், சூடு அதிகம். வீண் என்று நினைக்காதே. தாமரைப்பூ இப்படித்தான் தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு தாவரவியல் பூங்காவில் அளந்து 1996-இல் வெளியிட்டார்கள்: வெளியே 10 டிகிரி குளிர், பூவுக்குள் 30-க்கு மேல்! மலர்ந்திருக்கும் நாட்களில் வெளிக்காற்று எப்படி மாறினாலும் பூ தன் சூட்டை 30-க்கும் 36-க்கும் இடையிலேயே வைத்திருந்தது. குளிர் கூடக்கூட அதிகமாகச் சுவாசித்தது. மகரந்தச் சேர்க்கைக்கு வரும் வண்டுகளுக்கு இந்தக் கதகதப்பு உதவுகிறது என்று கருதுகிறார்கள். இது பாடத்திட்டத்தில் இல்லையே என்று எனக்கு வருத்தம்தான்.

கேள்வி: படுக்கையறையில் செடி வைத்தால் ஆபத்தா? இரவில் ஆக்சிஜன் தரும் ஸ்நேக் பிளான்ட் என்று நர்சரியில் நானூறு ரூபாய் சொல்கிறார்கள்.
– வாசகர், கோவை

பதில்: இரண்டுமே தப்பு. ஒரு சின்னத் தொட்டிச் செடி இரவு முழுக்க விடும் கரியமில வாயு ஒரு கிராம்கூட வராது. நீங்கள் ஒரு நாளில் விடுவது ஏறக்குறைய ஒரு கிலோ. பயப்பட வேண்டுமானால் பக்கத்தில் படுத்திருப்பவரைப் பார்த்துப் பயப்படலாம். ஸ்நேக் பிளான்ட் இரவில் இலைத்துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி வைக்கும், அது உண்மை. ஆனால் ஆக்சிஜன் உருவாக வெளிச்சம் வேண்டுமே! அழகுக்காக வாங்குங்கள், பேரம் பேசி வாங்குங்கள்.

கேள்வி: சம்பா ஒரு வாரம் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. என் வயல் அழுகிவிட்டது, பக்கத்து வயல் பிழைத்துக்கொண்டது. ஒரே தண்ணீர்தானே?
– விவசாயி, நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: பக்கத்து வயலில் என்ன ரகம் என்று கேட்டுப் பாருங்கள். சிஆர் 1009 சப்-1 என்று சொன்னால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். மூழ்கிய பயிருக்கு மூச்சுத் திணறல். அப்போது அது மாணவனுக்குச் சொன்ன அந்த முதல் பத்துப் படிகளை மட்டும் நம்பிப் பிழைக்க வேண்டும். பைருவேட் சாராயமாக மாறும், ஒரு குளுக்கோஸுக்குக் கிடைப்பது 2 ஏடிபிதான். அதே உயிரைக் காக்கச் சர்க்கரையைப் பல மடங்கு செலவழிக்க வேண்டும். கையிருப்பு தீர்ந்தால் பயிர் முடிந்தது.

இந்த நிலையில் சாதாரண ரகங்கள் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டப் பார்க்கும். அவசர அவசரமாக நீண்டு, இருந்த சர்க்கரையையும் அதிலேயே தீர்த்துவிடும். தண்ணீர் வடிந்ததும் துவண்டு சாயும். ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ என்ற நாட்டு ரகத்திலிருந்து வந்த சப்-1 மரபணு உள்ள பயிர் அப்படிச் செய்யாது. வளர்ச்சியை நிறுத்திவிட்டு, சர்க்கரையைச் சிக்கனமாகச் செலவு செய்து இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். அதுவும் தெளிந்த தண்ணீராக இருந்தால்தான். கலங்கல் தண்ணீரில் வெளிச்சம் இறங்காது, புதிதாகச் சர்க்கரை செய்ய வழியிருக்காது, நாள் குறையும்.

ரகமும் ஒன்றுதான் என்றால் வடிகாலைப் பாருங்கள். அவர் வயலில் இலைநுனி இரண்டு நாள் முன்னதாகவே வெளியே தெரிந்திருக்கும்.