ஞாயிற்றுக்கிழமை ஒழித்த வீடு புதன்கிழமைக்குள் ஏன் மறுபடி அடைசலாகிறது?

கேள்வி: வீட்டில் நாங்கள் நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வீட்டை ஒழிக்கிறேன். புதன்கிழமை வந்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். டப்பா, கூடை, அடுக்குத் தட்டு எல்லாம் வாங்கிப் பார்த்தாகிவிட்டது. மினிமலிசம், அதாவது குறைந்த சாமான்களோடு வாழ்வது என்று படங்களில் வரும் வெள்ளைச் சுவர் வீடுகளைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கிறது. ஆனால் என் கணவர் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தூக்கிப்போட விடமாட்டார். 'எனக்கு ஒன்றும் அடைசலாகத் தெரியவில்லையே' என்கிறார். மறைந்த அம்மாவின் சாமான்கள் வேறு இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. பரணிலிருந்து ஆரம்பிக்கலாமா? புதிதாக ஒரு பீரோ வாங்கினால் சரியாகுமா?

பதில்: பரணை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அங்கே இருப்பது கண்ணில் படுவதில்லை, உங்கள் காலைப் பொழுதைக் கெடுப்பதும் இல்லை. ஏறினால் பழைய ஆல்பம், பிள்ளையின் முதல் செருப்பு என்று மனசைப் பிசையும் சாமான்களாகத்தான் கைக்கு வரும். மதியத்துக்குள் களைத்துப்போவீர்கள், கூடத்தில் புதிதாக நாலு அட்டைப்பெட்டி இறங்கியிருக்கும். அமைதி வேண்டித்தான் இதில் இறங்குகிறீர்கள் என்றால், அது எங்கே தினமும் கெடுகிறதோ அங்கே தொடங்குங்கள்.

பெரும்பாலான வீடுகளில் அது ஒரு மேசை. உங்கள் வீட்டு மேசையை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அதில் என்ன கிடக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். பிரிக்காத தபால் உறைகள். பள்ளியில் கையெழுத்துக் கேட்டு அனுப்பிய படிவம். பட்டன் அறுந்த சட்டை. யாருடையதென்று தெரியாத சார்ஜர். அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்ப எடுத்து வைத்த செருப்பு. குழாயைச் சரிசெய்ய எடுத்த ஸ்க்ரூ டிரைவர். இதில் ஸ்க்ரூ டிரைவரை மட்டும்தான் 'எடுத்து உள்ளே வை' என்று சொல்லி முடிக்க முடியும். மற்றதெல்லாம் பாதியில் நிற்கும் வேலைகள். ஞாயிற்றுக்கிழமை இவற்றைக் கூடையில் அள்ளி அலமாரிக்குள் தள்ளினால் மேசை சுத்தமாகிவிடும், ஆனால் ஒரு வேலைகூட முடிந்திருக்காது. திங்கள்கிழமை படிவத்தைத் தேடிக் கூடை வெளியே வரும். கூடையில் இருந்ததெல்லாம் கூடவே வரும். உங்கள் புதன்கிழமை இப்படித்தான் வருகிறது.

ஆகவே மேசையை ஒழிக்க உட்காரும்போது பேனா, ஊசி நூல், குப்பைப் பை மூன்றும் பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொன்றாகக் கையில் எடுங்கள். கையெழுத்தைப் போட்டுப் படிவத்தைப் பள்ளிப் பைக்குள் வையுங்கள். உறையைப் பிரித்துப் பாருங்கள், கட்ட வேண்டிய பணம் என்றால் அப்போதே கட்டிவிடுங்கள். பட்டனைத் தையுங்கள், இல்லையென்றால் அந்தச் சட்டையை இனி யாரும் போடப்போவதில்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒரு மேசைதான் முடியும். சரி, முடியட்டும். ஒரே நாளில் வீடு முழுவதையும் கவிழ்த்துப்போடுகிறவர்கள், பாதியில் நிறுத்தியதை அப்படியே அள்ளி உள்ளே தள்ளுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மேசைக்கு அடுத்தது அந்த நாற்காலி. எல்லா வீட்டிலும் ஒன்று உண்டு, மேலே துணி குவிந்து யாருமே உட்காராத நாற்காலி. அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிப் பிரயோஜனமில்லை. ஒருமுறை போட்ட துணி அழுக்குக் கூடைக்கும் போக முடியாது, மடித்த துணியோடும் சேர முடியாது. வீட்டில் அதற்கென்று ஓர் இடமே இல்லாததால் நாற்காலிக்குப் போகிறது. சுவரில் ஆளுக்கு மூன்று கொக்கி மாட்டுங்கள். கொக்கி நிறைந்தால் ஒன்றைத் துவைக்கப் போட வேண்டும் என்பது மட்டுமே விதி. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குவியல் சேர்கிறது என்றால் ஆட்களைக் குறை சொல்லுமுன் அந்தப் பொருளுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சாவி, பை, ஹெல்மெட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இனி உங்கள் கணவர். 'எனக்குத் தெரியவில்லையே' என்று அவர் சொல்வது சாக்கு என்று நினைக்கிறீர்கள். அவருக்கு உண்மையிலேயே அது தெரியாமல் இருக்கலாம். லாஸ் ஏஞ்சலீஸில் வேலைக்குப் போகும் தம்பதிகளை வைத்து டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெபெட்டி என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. கணவனும் மனைவியும் தனித்தனியாகத் தங்கள் வீட்டைச் சுற்றிக்காட்டிப் பேச வேண்டும். பேச்சில் அடைசல், முடியாத வேலை என்பது போன்ற சொற்கள் எவ்வளவு வருகின்றன என்று எண்ணினார்கள். மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் காலையில் கூடுதலாக இருந்து மாலைக்குள் நன்றாக இறங்க வேண்டும். அப்படிப் பேசிய பெண்களுக்கு அது சரியாக இறங்கவில்லை. ஆண்களிடம் இந்தத் தொடர்பு அவ்வளவாகத் தெரியவில்லை. அடைசல்தான் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, ஏற்கெனவே களைத்த மனசுக்கு வீடு அடைசலாகத் தெரிந்திருக்கவும் கூடும். ஆனால் ஒரே வீடு இரண்டு பேருக்கு இரண்டு விதமாகக் கனக்கிறது என்பதை நம்பலாம். வீட்டு வேலையின் கணக்கு யார் தலையில் ஓடுகிறதோ, அவர் கண்ணுக்குத்தான் மேசைமேல் கிடக்கும் ஒவ்வொன்றும் வேலையாகத் தெரியும் என்பது என் கருத்து.

அதனால் அவரிடம் 'அடைசல்' என்று வாதாடாதீர்கள். 'சாப்பாட்டு மேசை ராத்திரி காலியாக இருக்க வேண்டும்' என்று குறிப்பாகக் கேளுங்கள். அவருடைய ஸ்க்ரூ, ஒயர், பழைய ரிமோட் எல்லாவற்றுக்கும் ஓர் இழுப்பறையையோ ஒரு பெட்டியையோ முழுதாக அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். அதற்குள் என்ன இருந்தாலும் நீங்கள் தலையிடக் கூடாது. நிறைந்து வழிந்தால் எது போக வேண்டும் என்பதை அவரே முடிவு செய்வார். அவர் இல்லாத நேரத்தில் மட்டும் எதையும் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். ஒருமுறை அப்படி நடந்தால் அடுத்த பத்து வருஷத்துக்கு எது காணாமல் போனாலும் உங்களைத்தான் கேட்பார், அதற்குமேல் ஓர் ஒயரைக்கூட விடமாட்டார். கட்டிலில் படுக்க முடியாமல், அடுப்பங்கரையைப் பயன்படுத்த முடியாமல் சாமான் நிறைந்து, எதையாவது எடுத்தாலே தாங்க முடியாமல் தவிக்கிறார் என்றால் விஷயமே வேறு. அதை 2013 முதல் ஒரு தனி மனநலப் பிரச்சினையாகவே மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். அதற்கு மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஒரு டப்பா ஸ்க்ரூவுக்கு அந்தப் பட்டம் வேண்டாம்.

நமக்கும்தான் ஒரு பொருளைக் கொடுத்துவிட மனசு வரமாட்டேன் என்கிறதே, அது ஏன்? 1990-ல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் வெளியிட்ட சோதனை ஒன்று பிரபலம். மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காபிக் கோப்பையைக் கொடுத்தார்கள். அதை விற்க அவர்கள் கேட்ட விலை, கோப்பை கிடைக்காதவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சற்று முன் கைக்கு வந்த கோப்பைக்கே இந்தப் பாடு என்றால் எட்டு வருஷம் அலமாரியில் இருந்த சேலைக்குக் கேட்க வேண்டுமா? அதனால் 'இது நல்லதா, பின்னால் உதவுமா' என்று கேட்காதீர்கள். எல்லாமே உதவும் என்றுதான் பதில் வரும். 'இது என்னிடம் இல்லையென்றால் இன்று காசு கொடுத்து வாங்குவேனா?' என்று கேளுங்கள். பல பொருள்களுக்குப் பட்டென்று பதில் கிடைத்துவிடும்.

அம்மாவின் பெட்டிகளுக்கு இந்தக் கேள்வி பொருந்தாது, அங்கே அதைக் கேட்கவும் வேண்டாம். கைப்பழக்கம் வரும்வரை பெட்டிகள் மூடியே இருக்கட்டும். பிறகு உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்து ஒன்றாகத் திறங்கள். எதைத் தூக்கிப்போடுவது என்று ஆரம்பித்தால் கை நடுங்கும், எதை வைத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுங்கள். அம்மா தினமும் கையாண்ட இரண்டு மூன்று பொருளை எடுத்து உங்கள் அன்றாடப் புழக்கத்தில் வையுங்கள். பெட்டிக்குள் இருக்கும் இருபதைவிட அவை அம்மாவை அதிகம் நினைவூட்டும். மற்றதைக் கொடுக்குமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. பல்கலைக்கழக விடுதிகளில் நடந்த ஓர் ஆய்வில், நினைவுப் பொருளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்ன இடங்களில் நன்கொடையாக வந்த பொருட்கள் அதிகம். 2017-ல் வெளியான ஆய்வு அது. கடிதங்களையும் கையெழுத்துள்ள தாள்களையும் மட்டும் நான் யாரையும் கொடுக்கச் சொல்வதில்லை. அவை அடைத்துக்கொள்ளும் இடம் மிகக் குறைவு.

வெளியேற்ற எடுத்து வைத்தவை வாசலோரம் மாதக்கணக்கில் காத்திருந்தால் செய்த வேலையெல்லாம் வீண். பையைக் கட்டிய அன்றே அது எந்தக் கிழமை, யார் கையால், எங்கே போகிறது என்று மேலேயே எழுதிவிடுங்கள். பழைய போன் என்றால் கணக்குகளிலிருந்து வெளியேறி, உள்ளதை அழித்துவிட்டுக் கொடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்குகிறவர்களிடம் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

படத்தில் பார்க்கும் வெள்ளைச் சுவர் வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. படம் எடுப்பதற்கென்று ஒதுக்கிய அறைகள் அவற்றில் நிறைய உண்டு. பிள்ளைகள் இருக்கும் வீடு சாயங்காலம் ஆறு மணிக்குக் கலைந்துதான் கிடக்கும். படுக்கப் போகுமுன் பத்து நிமிஷத்தில் ஒழுங்காகிவிடுகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். அவ்வளவு சாமான்தான் உங்கள் வீட்டுக்குச் சரியான அளவு.

கடைசியாகப் பீரோ. இப்போது வாங்காதீர்கள். புதிய அலமாரி வந்தால் முடிவெடுக்காத சாமான்களெல்லாம் அதற்குள் குடியேறிவிடும், ஒரு வருஷத்தில் இன்னொரு பீரோ கேட்பீர்கள். டப்பாக்களும் இதைத்தான் செய்தன. மூன்று மாதம் போகட்டும். அப்புறமும் தேவை என்று தோன்றினால் உள்ளே வைக்கப்போவதை எல்லாம் முதலில் தரையில் அடுக்கி, நாடாவால் அளந்து, அந்த அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.