கேள்வி–பதில்: பிரிட்டன் வீட்டுச் சமையல், மதுரை அடுப்பில்

லீட்ஸில் வேலை பார்க்கும் மகன், தான் சமைப்பதைப் படம் எடுத்து அனுப்புகிறான். ஒருநாள் நூடுல்ஸ், மறுநாள் பருப்புக் குழம்பு, அடுத்த நாள் பாஸ்தா. அங்குள்ள வெள்ளைக்காரர் வீடுகளிலும் இப்படித்தானாம். அப்படியானால் பிரிட்டன் சாப்பாடு என்பது எது?
— வாசகி, அண்ணா நகர், மதுரை

உங்கள் மகன் சொல்வது சரி. போர்க்கால ரேஷன் அங்கே 1954 வரை நீடித்தது. அதற்குப் பிறகும் பல வருஷம் இறைச்சி, உருளைக்கிழங்கு, அவித்த காய் என்றுதான் தட்டு இருந்தது. 1948 முதல் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள், இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பக்கமிருந்து வந்து உணவகம் நடத்தியவர்கள், 1972இல் உகாண்டா விரட்டிவிட்ட இந்திய வம்சாவளியினர் என எல்லோருமாகச் சேர்ந்து அந்த ஊர்க் கடைகளில் கிடைக்கும் சரக்கையே மாற்றிவிட்டார்கள். 2001இல் வெளியுறவு அமைச்சராக இருந்த ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாவைத் தேசிய உணவு என்றே பேசினார். ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட், அதாவது ஓவனில் சுட்ட பெரிய இறைச்சித் துண்டு, இன்னும் பல வீடுகளில் உண்டு. அதில் மிஞ்சிய கறி திங்களன்று குழம்பாகும், இல்லாவிட்டால் ஃப்ரைடு ரைஸாகும். இந்தக் கலவைதான் இன்றைய பிரிட்டன் சாப்பாடு.

கொத்துக்கறிமேல் மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி ஓவனில் சுடும் ஷெப்பர்ட்ஸ் பை செய்தேன். கறி ரப்பர் மாதிரி இருந்தது, மேலே வைத்த உருளைக்கிழங்கு பசை மாதிரி ஆகிவிட்டது, ஓரத்தில் தண்ணீர் கசிந்தது. எங்கே தவறு?
— வாசகர், திருமங்கலம்

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

அங்கே போடுவது செம்மறி இளங்கறி. நம் கடையில் பெரும்பாலும் வெள்ளாடு. கொழுப்பு குறைவு, வேக நேரம் பிடிக்கும். அரை கிலோ கொத்துக்கறி வாங்கும்போது கொஞ்சம் கொழுப்பும் சேர்த்துக் கொத்தித் தரச் சொல்லுங்கள். பெரிய வெங்காயம் ஒன்று, கேரட் இரண்டு, பூண்டு மூன்று பல் வதக்கி, கறியைப் போட்டு நீர் வற்றிச் சிவக்கும்வரை கிளறுங்கள். ஒரு மேசைக்கரண்டி மைதா தூவி, ஒன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு, குக்கரில் நான்கு விசில் விடுங்கள். திறந்த பிறகு குழம்பு கரண்டியில் ஒட்டும் பதம்வரை வற்ற வேண்டும். தளர இருந்தால் ஓரத்தில் கசியத்தான் செய்யும். நன்றாக ஆறவிட்டு அதன்மேல் கிழங்கை வையுங்கள். சூட்டோடு வைத்தால் கிழங்கு உள்ளே அமுங்கிவிடும்.

கறியில் சேர்க்கும் வூஸ்டர் சாஸ் (புளிப்பான ஆங்கிலேய சாஸ்) கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், அதிலும் புளி உண்டு. அரை டீஸ்பூன் கெட்டிப் புளிக்கரைசல், ஒரு டீஸ்பூன் சோயா சாஸ், ஒரு சிட்டிகை வெல்லம் போதும். சோம்பு, பட்டை, கிராம்பைத் தொடாதீர்கள். அவை வந்துவிட்டால் கறியின் இயல்பான ருசி அடங்கி, சுக்காவின் வாசமே மேலோங்கும். மிளகுத்தூள் மட்டும் தாராளமாகப் போடுங்கள்.

உருளைக்கிழங்கு முக்கால் கிலோ. புதுக்கிழங்கு பிசுபிசுக்கும், வெந்தால் மாவாக உதிரும் பழைய கிழங்காகப் பாருங்கள். வெந்ததும் நீரை வடித்து, வெறும் பாத்திரத்தில் மீண்டும் இரண்டு நிமிஷம் சூடாக்கி ஈரத்தைப் போக்குங்கள். மிக்ஸியில் அடிக்கவே கூடாது. பிளேடு பட்டு ஸ்டார்ச் வெளியேறுவதால்தான் பசையாகிறது. கையால் மசித்து 50 கிராம் வெண்ணெய், 75 மி.லி. சூடான பால், உப்பு சேருங்கள். கறிமேல் பரப்பி, முள்கரண்டியால் மேலே கீறிவிட்டு ஓ.டி.ஜி.யில் (சின்ன மின்சார ஓவன்) 200 டிகிரியில் 30 நிமிஷம். கீறல்களின் முனைதான் முதலில் பொன்னிறமாகி மொறுமொறுப்பாகும்.

ஓ.டி.ஜி. இல்லாத வீட்டில், மசித்த கிழங்கைக் கெட்டியாகப் பிடித்து, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு அடை கனத்தில் தட்டி ஒருபக்கம் சிவக்க விடுங்கள். சிவந்த பக்கம் மேலே இருக்கும்படி சுடச்சுடக் கறிமேல் கவிழ்த்துவிடலாம். சைவத்துக்குக் கறிக்குப் பதிலாகத் தோலோடு இருக்கும் முழு மைசூர்ப் பருப்பு ஏற்றது. உடைத்த பருப்பு குழைந்துபோகும்.

ரோஸ்ட்டோடு சாப்பிடும் யார்க்‌ஷயர் புட்டிங் (முட்டை, பால், மைதா மாவில் உப்பச் சுடுவது) உப்பவே மாட்டேன் என்கிறது.
— வாசகி, மேலூர்

எண்ணெய் போதுமான அளவு காயவில்லை, அல்லது நடுவில் ஓ.டி.ஜி. கதவைத் திறந்திருப்பீர்கள். முட்டை, பால், மைதா மூன்றையும் ஒரே கப்பால் சம அளவு எடுத்து, உப்புப் போட்டுக் கட்டியில்லாமல் அடித்து அரை மணி நேரம் வையுங்கள். சோடா வேண்டாம், நீராவிதான் உப்ப வைக்கிறது. மஃபின் தட்டில் குழிக்கு ஒரு டீஸ்பூன் கடலை எண்ணெய் விட்டு, 220 டிகிரியில் லேசாகப் புகையும்வரை காய்ச்சுங்கள். மாவு விழுந்ததும் சீறினால் சரியான சூடு. அரைக்குழிக்கு மேல் ஊற்றாமல், 20 நிமிஷம் கதவைத் தொடாமல் விடுங்கள். சின்ன ஓ.டி.ஜி.யில் மேல்கம்பி பக்கத்திலேயே இருக்கும். தட்டைக் கீழ்த்தட்டில் வைக்காவிட்டால் உச்சி கருகி உள்ளே வேகாது.