கேளுங்க சொல்லுகோம்: பாணரும் பொருநனும்

கேள்வி: கோயில் கொடையில வில்லுப்பாட்டு பாடுறவர புலவர்னு சொல்லுகோம், சங்கப்பாட்டுல பாணர்னு வருதே, ரெண்டும் ஒண்ணா? அந்தப் பேரு எப்படி வந்தது?
(ஒரு வாசகர், தோவாளை)

பதில்: ஒண்ணு இல்ல அண்ணாச்சி. பண்ணுன்னா ராகம், பாண்னா பாட்டு, பாட்டையே பொழைப்பா வச்சிருந்தவன் பாணன். பாடுற பொம்பள பாடினி, ஆடுறவ விறலி. கையில இருக்க யாழப் பாத்தே இனம் பிரிச்சிருக்காங்க, சீறியாழ்னா சிறுபாணன், பேரியாழ்னா பெரும்பாணன். சிறுபாணாற்றுப்படை 269 அடி, பெரும்பாணாற்றுப்படை 500 அடிங்கறதால நூலோட சைஸுக்கு வச்ச பேருன்னு சிலபேர் நெனச்சுக்கிடுவாங்க, ஆனா யாழ வச்சு வந்த பேருன்னுதான் பொதுவா சொல்லுவாங்க. யாழ் எப்படி இருக்கும்னு தெரியணும்னா பொருநராற்றுப்படை ஆரம்பத்தப் படிங்க, குளம்பு பதிஞ்ச தடம் மாதிரி நடுவுல பிளந்த பத்தல், அதாவது யாழோட குடம், அதுமேல விளக்குச் சுடர் நெறத்துல இழுத்துப் போத்துன தோலுன்னு அப்படியே போட்டோ புடிச்ச மாதிரி அதப் பாடுன புலவர் எழுதி வச்சிருக்காரு.

புலவர்னா பாட்டு கட்டுறவர், பாணன் அத இசையோட ஊர் ஊரா கொண்டு போறவன். ஆனா இந்தக் கோடு ரொம்ப கறார் இல்ல, புறநானூறு 89ல அதியமானோட எதிரி ராஜா ஔவையவே ‘விறலி’ன்னுதான் கூப்பிடுதான். நம்ம வில்லுப் புலவரும் பாட்டும் கட்டுவாரு, வில்லத் தட்டுற வீசுகோல் புடிச்சு பாடவும் செய்வாரு, அப்போ அவருக்கு ரெண்டு பேருமே பொருந்தும்னுதான் எனக்குத் தோணுது. பக்கத்துல கேரளத்துல பாணன்னு ஒரு சமுதாயமே இருக்கு, வெள்ளன வீட்டு வாசல்ல வந்து எழுப்பிப் பாடுற துயிலுணர்த்துப் பாட்டு அவங்களோடதுதான்.

கேள்வி: அப்போ நம்ம நாஞ்சில் பொருநனும் பாடகனா?
(பூதப்பாண்டியிலருந்து ஒரு தங்கச்சி)

பதில்: இல்லம்மா. பொருநர்ங்கறது ரெண்டு ஆளுக்கும் வரும், தடாரிங்கற பறை கொட்டிப் பாடுற கூட்டத்துக்கும் சொல்லுவாங்க, சண்டைக்காரனுக்கும் தலைவனுக்கும் சொல்லுவாங்க. மேல சொன்ன 89ல அந்த ராஜா ‘பொருநரும் உளரோ’ன்னு கேக்கது வீரனுங்கள. நாஞ்சில் பொருநன்னா நாஞ்சிலுக்குத் தலைவன், பாட்டு வாங்குன ஆளு, பாடுன ஆளு இல்ல, புறநானூறு 137லருந்து 140 வரைக்கும் அவன் மேலதான். 140ல விறலியர் தோட்டத்துல கீரை பறிச்சிருக்காங்க, அதுக்குச் சேர கொஞ்சம் அரிசி தாயேன்னு ஔவை கேட்டா இவன் ஒரு யானையத் தூக்கிக் குடுத்திருக்கான். அரிசிக்கே வழியில்லாதவ யானைக்குத் தீனி எங்க போவா? அதான் புலவர்களக் கூப்பிட்டு, பலாமரம் நிக்க நாஞ்சிலுக்குத் தலைவன் ‘மடவன்’னு, அதாவது விவரமில்லாதவன்னு செல்லமா வைது பாடிட்டா.